குருவச்சன் பேரில் போன டப்பி

கோயில் ஹாலில் மைக்கைப் பிடித்து "மலம்" என்று உரக்கச் சொன்ன முதல் ஆள் ஜெஸ்ஸம்மா டாக்டர்தான். மைக் செட் என் பொறுப்பு. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பாதிரியார் தொம்மி அச்சன், சத்தத்தைக் குறை என்று கண்ணால் காட்டினார். குறைத்தேன். டாக்டர் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பேச ஆரம்பித்தார். மைக்கைவிடத் தூரம் போகும் தொண்டை அது.

"யாரும் முகம் சுளிக்க வேணாம். தினம் காலைல எல்லாரும் பார்க்கிறதுதான். பார்த்துட்டு தண்ணி ஊத்திடறோம். ஊத்தறதுக்கு முன்னாடி இந்தக் குச்சியால நாலு இடத்துல குத்தி, இந்த டப்பியில விட்டு, மூடிக் கொடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தா இது சொல்லிடும். பெருங்குடல்ல வளர்ற கட்டி வருஷக்கணக்கா வாயே திறக்காது. இந்த ரத்தம்தான் அது பேசற முதல் பேச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அப்ப எங்க வீட்டுல தினம் காலைல பிரசங்கம்தான்" என்றது ஒரு குரல்.

"கேட்டுக்கிட்டிருங்க சேட்டா. என்னைக்காவது உங்களைப் பத்தியும் பேசும்" என்றார் டாக்டர்.

அன்றைக்கே எங்கள் ஊர் கரிம்பன்மேடு அவருக்கு டப்பி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டது.

அவர் மெடிக்கல் காலேஜில் இருந்தார். ஆனால் ஊசி போடுகிற, மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. எந்த ஊரில் என்ன நோய், யாருக்கு வருகிறது, எப்போது கண்டுபிடித்தால் பிழைக்கிறார்கள் என்று ஆராய்கிற துறை. அவரோடு படித்தவர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். இவர் சிவப்பு ஸ்கூட்டரில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேடேறி வந்துகொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைக் கேட்டவர்களுக்கும், டப்பியைக் கேட்டவர்களுக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்.

"உங்க வீட்டுல யாருக்காவது இந்த நோய் வந்துச்சா டாக்டர்? அதான் இவ்வளவு பாடுபடறீங்களா?"

"யாருக்கும் வரலை. என் வீட்டுல ஒரு சாவு விழுந்தாத்தான் உங்க வீட்டுச் சாவை நான் தடுக்கணுமா?"

ஈஸ்டருக்கு முந்தைய அம்பது நோன்புக் காலத்தில் டப்பி கொடுக்க வேண்டும் என்பது ஊரின் முடிவு. நோன்பில் இறைச்சி கிடையாது. தின்ற பீஃபின் ரத்தம் டப்பியில் ஏறிவிட்டால் வீணாக ஆஸ்பத்திரிக்கு இழுப்பார்களே என்ற பயம். இது மனித ரத்தத்தை மட்டும்தான் காட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னுங்கள் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார்.

"போத்துமாட்டு ரத்தம் எது, நம்ம ரத்தம் எதுன்னு அந்தச் சின்ன டப்பிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் குருவச்சன். ரப்பரும் கொஞ்சம் ஏலமும் வைத்திருப்பவர். பேச ஆரம்பித்தால் மரத்தில் பால் வடிவது நின்ற பிறகும் நிறுத்தமாட்டார்.

"டப்பிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியலை."

முதல் ஞாயிறு போனது, டப்பிகள் திரும்பி வரவில்லை. அப்போதுதான் தொம்மி அச்சனுக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் இடவகப் பங்கின் வீடுகள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்தவை. மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வதும், அது முடிந்ததும் மற்ற யூனிட்டைக் குறை சொல்வதும் வழக்கம். ஒரு டப்பிகூட விடாமல் முழுசாகத் திருப்பித் தருகிற யூனிட்டுக்குப் ஊருக்கே பிரியாணி வேகும் அண்டா அளவுச் செம்பு ஒன்று பரிசு என்று குர்பானா பூசை முடிந்ததும் அச்சன் அறிவித்தார். கல்யாணத்துக்கும் குழந்தைக்குப் பேர் வைக்கிற மாமோதீசாவுக்கும் செம்புக்காகப் பக்கத்து யூனிட் வாசலில் போய் நிற்க வேண்டாம் பாருங்கள். புனித யூதா யூனிட்டும் புனித அன்னாள் யூனிட்டும் அன்றைக்கே முந்தானையைச் செருகிக்கொண்டன.

டாக்டர் சற்று யோசித்தார். பிறகு, "வரட்டும் அச்சா. எப்படியாவது வரட்டும்" என்றார். அந்த "எப்படியாவது" பிற்பாடு அவரை விடவில்லை.

வந்தது. பால் கொடுக்க வரும் பாத்திரங்கள் மாதிரி, காலையில் ஹால் வாசலில் டப்பிகள் வரிசை கட்டின. பழைய செய்தித்தாளில் சுற்றியவை, பிஸ்கட் டின்னில் வந்தவை, ஒன்று மட்டும் கல்யாண மோதிரப் பெட்டியில். பெண்கள்தான் கொண்டுவந்தார்கள். ரேஷன், கரண்ட் பில், கோயில் வரி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பேரில் கொண்டுவருகிறவர்கள் இதையும் கொண்டுவந்தார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கடைசியில் புனித அன்னாள் யூனிட் செம்பைத் தட்டிக்கொண்டு போனது. அதன் தலைவி, வேதபாடம் சொல்லித்தரும் மோளிக்குட்டி டீச்சர், செம்பின் விளிம்பில் யூனிட் பெயரைப் பொறித்தார்.

ரத்தம் இருப்பதாகக் காட்டிய டப்பிகளின் ஆட்களை டாக்டர் ஒவ்வொருவராக மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனார். பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலை உள்ளே பார்க்கும் சோதனை. அதில் குருவச்சனும் ஒருவர். அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. டப்பியில் ரத்தம் காட்டாத மற்றவர்களுக்கெல்லாம் சுத்தம் என்று சீட்டு.

மறு வருஷம் தைமாதவாக்கில், டாக்டரின் கட்டுரை வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் அச்சாகி வந்தது. எங்கும் ஆண்கள்தான் இந்தச் சோதனைக்கு வரமாட்டார்கள், இந்த மலைமேட்டில் மட்டும் ஆணும் பெண்ணும் சரிசமமாக, ஏறக்குறைய எல்லாருமே வந்தார்கள் என்பது அதன் சாரம். காலேஜ் வாசலில் டாக்டரின் முகத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பிரின்சிபல் பொன்னாடை போர்த்தினார். கரிம்பன்மேட்டு முறையை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகப் பேச்சு நடந்தது. அதுவரை அவர் பெயர் முதலாவதாக நின்ற ஒரே கட்டுரை அது.

அதற்கு அடுத்த நோன்பு தொடங்குமுன் வரும் ஞாயிறு, எங்கள் பேத்துர்த்தா. மறுநாளிலிருந்து இறைச்சியைத் தொட முடியாது என்பதால் அன்றைக்கு ஒரு வருஷத்துக்கான பசியோடு தின்போம். குருவச்சன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். தாராவு என்கிற வாத்து ரோஸ்ட், பீஃப், கப்பைக் கிழங்கு. குருவச்சனின் மனைவி திரேசியாச் சேச்சி பரிமாறிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நோன்புக்கு முன்பே நோன்பிருப்பவர் போல.

குருவச்சன் தன் குடல் கதையை மறுபடியும் எடுத்தார். பந்தியில் அதைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

"அந்தப் பேதி மருந்தைக் குடிச்சேன் பாருங்க, மீனச்சிலாத்துல மலைவெள்ளம் வந்த மாதிரி. மூணு தரம் கதவைத் தட்டி, உயிரோடதான் இருக்கீங்களான்னு நர்ஸ் கேட்டா. கடைசியில என்ன? புதுசா வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு குடல். டாக்டரோட டப்பி பொய் சொல்லிடுச்சு."

"டப்பி பொய் சொல்லாது. சில நேரம் மூலத்து ரத்தத்தைக்கூடக் காட்டும். நீங்க சரியாத்தானே எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"நான் எங்க எடுத்தேன்? அந்த டப்பியைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல!"

பந்தி வெடித்துச் சிரித்தது. "பார்க்காமலே குறி வெச்சானா!" என்றார் ஒருவர்.

"டப்பி வந்துச்சு, போச்சு. அந்த டிபார்ட்மென்ட் எல்லாம் திரேசியாவோடது" என்று குருவச்சன் எலும்பைக் கடித்தார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயம் உண்டு: ரத்தம் காட்டிய ஆண்களில் குடல் சுத்தமாக இருந்தவர்கள் வழக்கத்துக்கு மேல் அதிகம். ஏன் என்று தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தார். இப்போது தலையை உயர்த்தித் திரேசியாச் சேச்சியைப் பார்த்தார். சேச்சியின் கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு நெய் மேசைவிரிப்பில் விழுந்து பரவியது.

"அப்ப அதுல இருந்தது யாரோடது?"

"கப்பை ஆறுது டாக்டர், சாப்பிடுங்க" என்று சேச்சி அடுக்களைக்குள் போய்விட்டார். டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் போனார்.

அங்கே பேசியதைப் பிற்பாடு சேச்சியே ஊருக்குச் சொன்னதால் எல்லாருக்கும் தெரியும்.

"என்னோடதுதான். ரெண்டு டப்பியும் என்னோடது. அவரு 'போடி, நாய்க்குப் போடற மாதிரி டப்பியை நீட்டற'ன்னாரு. டீச்சர் தினம் வாசல்ல வந்து நிக்கறா, உன் வீடு ஒண்ணாலதான் செம்பு போகப்போகுதுங்கறா. ஒரு நாள் என் டப்பி, மறுநாள் அவரோட டப்பி. எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அவருக்கு இருக்குன்னு வந்துச்சு."

"ரத்தம் தினம் கசியாது சேச்சி. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அவரை அந்தச் சோதனைக்குக் கூட்டிட்டுப் போனப்ப நீங்க வெளியதானே உக்காந்திருந்தீங்க. சொல்லியிருக்கலாமே?"

சேச்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவருக்கு ஏதாவது இருக்கட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். அவருக்குன்னு வந்துட்டா, எனக்கு இல்லன்னு ஆயிடும்ல?"

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். கையில் இருந்த தாராவு மசாலா சட்டையில் ஒட்டியதை இருவரும் கவனிக்கவில்லை. "நாளைக்கே என்கூட வர்றீங்க."

"வர்றேன். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்க பேரைச் சொல்லமாட்டேன். ஆனா டப்பியைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. நீங்க ஒருத்தர்தானா, இன்னும் எத்தனை பேரான்னு பார்க்கணும்."

திரேசியாச் சேச்சியின் குடலில், இடப்பக்க வளைவில், கட்டி இருந்தது. நோன்பின் நடுவில் அறுவை நடந்தது. கட்டி குடலைத் தாண்டவில்லை. ஆனால் தாண்டுவதற்குக் காலை எடுத்து வைத்திருந்தது என்றார் சர்ஜன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேச்சி புருஷனிடம் உண்மையைச் சொன்னார்.

"என் பேர்ல உன்னோடதைப் போட்டியா?" என்று குருவச்சன் கத்தினார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் உங்க பேர்லதான் போட்டிருக்கேன். இது ஒண்ணுதான் உறுத்துதா?"

இதற்குள் டாக்டர் வீடு வீடாகப் போய், ஆண்கள் தோட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து, பெண்களிடம் மெதுவாகக் கேட்டிருந்தார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ரப்பர் ஷீட் உலர்த்துகிற இடத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒருத்தி சிரித்தால் போதுமே. வீட்டுக்கு வீடு அதே கதை. ஆண்களின் டப்பிகளில் பாதிக்கு மேல் மனைவிமார் நிரப்பியவை. ஒரு வீட்டில் மாமனார், புருஷன், கொழுந்தன் மூவருக்கும் ஒரே மருமகள்.

டாக்டர் பிரின்சிபலிடம் போனார். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். அங்கே நடந்ததை அவரே சேச்சியிடம் சொல்லிச் சிரித்தார். சேச்சியிடம் சொன்னால் எங்கள் எல்லாரிடமும் சொன்ன மாதிரி.

"ஜெஸ்ஸம்மா, அச்சானது அச்சானதுதான். எந்தச் சோதனையிலும் கொஞ்சம் கோளாறு வரும். யாரு வந்து டப்பியை மோந்து பார்க்கப் போறா?"

"கோளாறு இல்ல சார், பொய். நான் சொன்ன பொய்."

"நீங்க எங்க சொன்னீங்க? அவங்கதான் சொன்னாங்க."

"பரிசு வெச்சப்ப தலையாட்டினது நான். என் பேருதான் மேல இருக்கு."

"மாவட்டத் திட்டம் போயிடும். உங்க புரொமோஷன் போயிடும். வாசல்ல இருக்கிற ஃபிளெக்ஸை நானே கழட்டணும்."

"கழட்டிட்டு அந்த மேட்டுக்குக் கொடுத்து அனுப்புங்க சார், மழைக்கு உதவும். அங்க ஆம்பளைங்க பொண்டாட்டியோட ஆரோக்கியத்தைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சுத்திக்கிட்டிருக்காங்க. இதையே மாவட்டம் முழுக்கக் கொண்டுபோனா இன்னும் ஆயிரம் பேரு அப்படிச் சுத்துவாங்க. என் பேரு பெரிசா, அவங்க குடல் பெரிசா?"

அன்றைக்கே இதழுக்கு எழுதிவிட்டார். ஆனால் கடிதம் எழுதினால் கரிம்பன்மேட்டு ஆண்களுக்குத் தெரியாதே. அவர்கள் கையில் இருந்த சுத்தச் சீட்டுகள் செல்லாது என்று அவர்களிடமே சொல்ல வேண்டும். தொம்மி அச்சன் ஹாலைத் தர மறுத்தார். குடும்பங்களுக்குள் கலகம் வரும், பெண்களுக்கு அவமானம் என்றார்.

ஈஸ்டருக்கு அடுத்த புதுஞாயிறு. குர்பானா முடிந்து அச்சன் அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நேராக ஹாலுக்குள் நடந்தார். காப்பிக்கு எப்படியும் எல்லாரும் அங்கேதான் வரவேண்டும். என்னைப் பார்த்து, "மைக் இருக்கா?" என்றார். அச்சனின் கண்ணைப் பார்க்காமல் மைக்கை நீட்டினேன்.

"போன வருஷம் ஆம்பளைங்களுக்குக் கொடுத்த சீட்டெல்லாம் செல்லாது. கிழிச்சுப் போடுங்க. அந்த டப்பிகள்ல நிறைய உங்களோடது இல்ல."

காப்பித் தம்ளர்கள் நின்றன. பிறகு ஒரே இரைச்சல்.

"அப்ப யாரோடது? பக்கத்து வீட்டுக்காரனோடதா?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்களைப் பொய்க்காரின்னு சொல்றீங்களா?"

"செம்பைத் திருப்பிக் கேக்கத்தான் இந்த நாடகம்!" என்றது புனித அன்னாள் யூனிட்.

அச்சன் முன்னால் வந்தார். "டாக்டர், போதும். இது கோயில்."

"அச்சா, இன்னைக்கு நீங்க வாசிச்ச சுவிசேஷம் எது? சந்தேகப்பட்ட தோமாஸ்லீஹா என்ன சொன்னாரு? எல்லாரும் சொல்றாங்கன்னு நம்பமாட்டேன், காயத்தைப் பார்த்தாத்தான் நம்புவேன்னாரு. உயிர்த்த ஈசோ அவரைத் திட்டி அனுப்பலை, இந்தா பாருன்னு காட்டினாரு. நான் பார்க்காம நம்பினேன். நம்பி எழுதினேன். அதைத்தான் இப்ப அழிக்கறேன்."

"ஆதாரம் எங்க? யாராவது ஒருத்தி சொல்லட்டும்" என்று ஒரு கை மேசையைத் தட்டியது.

டாக்டரால் ஒரு பெயரைச் சொல்லியிருக்க முடியும், அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து திரேசியாச் சேச்சி எழுந்தார். தையல் ஆறாத வயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"குருவச்சன் டப்பியில இருந்தது என்னோடது. அவரோட குடலைத் தேடினாங்க, கட்டி என் குடல்ல இருந்துச்சு. வெட்டி எடுத்தாச்சு. இந்தம்மா கேக்காம விட்டிருந்தா அடுத்த ஈஸ்டருக்கு என்னை செமித்தேரியில வந்து பார்த்திருப்பீங்க." மூச்சு வாங்கினார். "நான் ஒருத்திதான் நிரப்பினேனா? எடி மோளிக்குட்டி, நிமிர்ந்து பாரு."

மோளிக்குட்டி டீச்சர் சுவரைப் பார்த்தார், மேற்கூரையைப் பார்த்தார், கடைசியில் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒரு கை. அப்புறம் இரண்டு. பிறகு முக்காடுகளுக்கு நடுவே கைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. யாரும் தலைகுனியவில்லை என்பதைக் குறித்துச் சொல்ல வேண்டும். தேர்தலில் கை தூக்குவதைப்போல் முழங்கை மடங்காமல் தூக்கினார்கள்.

ஆண்கள் பக்கத்திலும் ஒரு கை உயர்ந்தது. அச்சனின் குசினிக்காரன் ஔதக்குட்டி.

"நீ எதுக்குடா தூக்கற? உனக்குப் பொண்டாட்டியே இல்லயே!"

ஔதக்குட்டி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அச்சனோட டப்பி."

கரிம்பன்மேட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. புருஷன்மார் சிரித்தார்கள், கை தூக்கிய பெண்கள் சிரித்தார்கள். திரேசியாச் சேச்சி தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கப்பா, பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார். தொம்மி அச்சனின் முகம் காதுவரை சிவந்தது. கடைசியில் அவரும் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறு வாரமே டாக்டர் புதிய டப்பிகளோடு வந்தார். பரிசு கிடையாது. ஒரே நிபந்தனை: யாருடையதோ அவர் கையால் கொடுக்க வேண்டும். மனைவி கொண்டுவந்தால் வாங்கமாட்டார். முதல் ஆளாக அச்சன் வந்தார், குர்பானா முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, அங்கியின் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதன் பிறகு சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. பாதிகூடத் தேறவில்லை. வந்தவர்களில் மோளிக்குட்டி டீச்சரின் புருஷன் ஒருவர். போன வருஷம் சுத்தம் என்று சீட்டு வாங்கியிருந்தவர். அவருக்குள் பலாக்கொட்டை அளவு கட்டி இருந்தது, குழாய் வழியாகவே வெட்டி எடுத்தார்கள். அந்த வாரம் டீச்சர் செம்பைக் கோயிலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இதழ் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றது. புரொமோஷன் போயிற்று. ஃபிளெக்ஸ் வந்து சேர்ந்தது. குருவச்சனின் மாட்டுத்தொழுவத்தின் மேல் டாக்டரின் முகம் ஜூன் மாத இடவப்பாதி மழையை வாங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டர் புதிதாக ஒரு கட்டுரை எழுதினார். சிறியது. பாதிக்கும் குறைவானவர்கள்தான் வந்தார்கள், ஏன் வரவில்லை, பரிசு வைத்தபோது என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்வது. அதை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழ் போட்டது. "பொன்னாடை வரலையா?" என்று கேட்டால், "வந்திருந்தா வேணாம்னு திருப்பி அனுப்பியிருப்பேன், அந்தச் சுகம் போச்சு" என்பார்.

வராதவர்களில் குருவச்சனும் ஒருவர். அவருடையது சுத்தம் என்றுதான் குழாயே சொல்லிவிட்டதே, டப்பி எதற்கு என்று டாக்டர் சொல்லியும், ஊர் கேட்கவில்லை. பொண்டாட்டி டப்பி குருவச்சன் என்று கள்ளுக்கடையில் கூப்பிட்டார்கள். மழை விட்ட ஒரு காலையில், டாக்டர் பஸ் ஸ்டாப் அருகே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கப் பார்க்க, குருவச்சன் செய்தித்தாள்கூடச் சுற்றாமல் கையில் டப்பியோடு வந்தார்.

"இந்தாங்க. இது என்னோடது."

"உங்களுக்கு இன்னும் பல வருஷத்துக்குத் தேவையே இல்லன்னு சொன்னேனே?"

"உங்களுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை. வாங்குங்க."

"உங்களோடதுதான்னு சத்தியம்?"

"சத்தியம் எதுக்கு? வேணும்னா மோந்து பாருங்க!"

கூட்டம் கைதட்டியது. டாக்டர் டப்பியைத் திருப்பிப் பார்த்தார். வெளியே பெயர் எழுதியிருந்தது. குருவச்சனின் கையெழுத்துதான். அவ்வளவு கோணலாகத் திரேசியாச் சேச்சியால் எழுத முடியாது.